எடை குறைப்பு அறுவைக்குப் பிறகு: தொந்தரவு வந்தால் நோட்டில் எங்கே பார்ப்பது?

மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது டயட்டிஷியன் ஒரு தாள் கொடுப்பார். முதல் வாரம் தண்ணீர் ஆகாரம், அப்புறம் மசித்தது, அப்புறம் மிருதுவானது என்று அதில் இருக்கும். அது நல்ல தாள்தான். ஆனால் இரண்டு மாதம் கழித்து பட்டர்வொர்த்தில் பெரியம்மா வீட்டில் உட்கார்ந்து, இரண்டாவது வாய் சோறு இறங்காமல் நெஞ்சில் நிற்கும்போது, அந்தத் தாளில் பதில் இருக்காது. இந்த வழிமுறை அந்த நேரத்துக்கானது. தொந்தரவு எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்ப் படியுங்கள்.

எனக்குச் செய்தது ஸ்லீவ், என் தம்பிக்கு பைபாஸ். ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்கை எடுத்துவிட்டு வாழைப்பழ அளவில் ஒரு குழாயை மட்டும் விடுகிறார்கள். பைபாஸில் இரைப்பையின் மேல்பகுதியில் ஏறக்குறைய 30 மி.லி. கொள்ளும் சின்னப் பை ஒன்றைப் பிரித்து, அதை நேராகச் சிறுகுடலோடு இணைக்கிறார்கள். தினமும் சாப்பிட்டதையும் குடித்ததையும் எழுதி வைக்க எங்கள் இருவரிடமும் ஒரு நோட்டு உண்டு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. தொந்தரவு வந்த நாள்களில் பெரும்பாலும் தவறிப்போனது உணவின் பெயரல்ல. எதை முதலில் சாப்பிட்டோம், எவ்வளவு வேகமாக, கூட என்ன குடித்தோம் என்பதுதான்.

இதைப் படிக்காமல் உடனே கிளம்ப வேண்டியவை

முதல் சில வாரங்களில் காய்ச்சல், இதயம் ஓயாமல் படபடப்பது, குறையாத வயிற்று வலி, மூச்சுத் திணறல், இடது தோளில் புது வலி இருந்தால் தையலில் கசிவு இருக்கலாம். எப்போதானாலும் மலம் தார் போலக் கறுப்பாகப் போனாலும், வாந்தியில் இரத்தம் வந்தாலும், ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூடத் தங்காவிட்டாலும் அவசரப் பிரிவுக்குப் போங்கள், அல்லது 999 அழையுங்கள்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. பல நாள் வாந்தி எடுத்தவருக்குப் பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சில் குழப்பம் வந்தாலோ அது வைட்டமின் பி1 குறைவாக இருக்கலாம். வெறும் களைப்பு என்று படுக்க வைத்துவிடாதீர்கள். அவசரப் பிரிவில் "எடை குறைப்பு அறுவை செய்தவர், பல நாளாக வாந்தி, குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்னால் தையாமின் கொடுக்க வேண்டுமா பாருங்கள்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். இதைச் சொல்ல நோயாளிக்கே தெம்பு இருக்காது. கூட இருப்பவர் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

நோட்டு எப்படி இருக்க வேண்டும்

செயலியில் எழுதினாலும் சரி, பள்ளிக்கூட நோட்டில் எழுதினாலும் சரி. நேரம், உணவு, அதிலுள்ள புரதம் எத்தனை கிராம், சாப்பிட எத்தனை நிமிடம், அப்புறம் உடம்பு எப்படி இருந்தது. குடித்ததைத் தனி வரியில் எழுதுங்கள், மாத்திரை எடுத்த நேரத்தையும் எழுதுங்கள். முதல் வருடம் கலோரியை விடப் புரதத்தைத்தான் எண்ண வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வயிறே கலோரியைக் குறைத்துவிடுகிறது. புரதத்தை நாம் பார்த்துச் சேர்க்காவிட்டால் யாரும் சேர்க்க மாட்டார்கள். பெரும்பாலானவர்களுக்குச் சொல்லப்படும் இலக்கு ஒரு நாளைக்கு 60 முதல் 80 கிராம். சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்களுக்கு அளவு வேறு. அதை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

நெஞ்சில் அடைக்கிறது, நுரையாக எச்சில் வருகிறது

நோட்டில் 'எத்தனை நிமிடம்' என்ற இடத்தைப் பாருங்கள். 10 நிமிடத்துக்குள் தட்டு காலி என்றால் காரணம் கிடைத்துவிட்டது. ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு 20 முதல் 30 நிமிடம் வேண்டும். டீஸ்பூனால் எடுத்து, வாயிலேயே கூழாகும் வரை மென்று, அந்த வாய் இறங்கின பிறகு அடுத்தது.

நேரம் சரியாக இருந்தும் அடைத்தால் உணவைப் பாருங்கள். பொரித்து உலர்ந்த கோழி நெஞ்சுக்கறி, ஒட்டிக்கொள்ளும் வெள்ளைச் சோறு, மிருதுவான ரொட்டி, ரொட்டி சானாய் ஆகியவைதான் வழக்கமாக மாட்டிக்கொள்பவை. ரொட்டி சானாயை எவ்வளவு மென்றாலும் அது உருண்டையாகத் திரண்டுதான் இறங்கும். அதே கோழியைக் குழம்பில் நன்றாக வேகவிட்டு நார் நாராகப் பிய்த்தால் சிக்கல் இருப்பதில்லை. மீன் அதைவிடச் சுலபம்.

அடைத்துவிட்டால் தண்ணீர் ஊற்றித் தள்ளப் பார்க்காதீர்கள், வலி கூடும். சாப்பிடுவதை நிறுத்தி, எழுந்து நின்று, மெல்ல நடங்கள். பெரும்பாலும் இறங்கிவிடும், இல்லையென்றால் மேலே வந்துவிடும். அன்று மிச்ச நேரம் சூப், பால், மோர் போதும்.

ஒரு எச்சரிக்கை. நோட்டைப் பின்னோக்கிப் புரட்டும்போது போன மாதம் இறங்கிய மீன் இந்த மாதம் இறங்கவில்லை, இப்போது கஞ்சிகூட நிற்கிறது என்று தெரிந்தால், அது வேகத்தின் குறை அல்ல. பைபாஸ் இணைப்போ ஸ்லீவ் குழாயோ சுருங்கியிருக்கலாம். எண்டோஸ்கோப்பி மூலம் விரித்துவிட வழி உண்டு. தள்ளிப்போடாமல் போங்கள்.

சாப்பிட்டதும் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு

சாப்பிட்டு அரை மணிக்குள் வந்தால் அது டம்பிங். இனிப்பு வயிற்றில் தங்காமல் குடலுக்குள் மொத்தமாக இறங்கி, உடம்பின் தண்ணீரை அங்கே இழுக்கிறது. பைபாஸ் செய்தவர்களுக்கு அதிகம், ஸ்லீவிலும் வரும். நோட்டில் அதற்கு முந்தைய வரியில் பெரும்பாலும் ஒரு பானம் இருக்கும்: தே தாரிக், ஐஸ் மைலோ, செண்டோல். தே தாரிக்கில் ஊற்றும் கெட்டிப்பாலின் எடையில் பாதிக்கு மேல் சர்க்கரைதான். "குறைவான இனிப்பு" என்று சொல்லி வாங்கினாலும் கெட்டிப்பால் கெட்டிப்பால்தான். கடையில் தே ஓ கோசோங், கோப்பி ஓ கோசோங், அதாவது பாலும் சர்க்கரையும் இல்லாமல், என்று கேளுங்கள். பால் வேண்டுமென்றால் சர்க்கரை சேர்க்காத பால் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

புட்டி பானம் வாங்கும்போது 100 மி.லி.க்கு எத்தனை கிராம் சர்க்கரை என்று பாருங்கள். 2019 ஜூலையிலிருந்து 100 மி.லி.க்கு 5 கிராமுக்கு மேல் சர்க்கரை உள்ள பெரும்பாலான இனிப்புப் பானங்களுக்கு மலேசியாவில் வரி உண்டு. அதனால் பல நிறுவனங்கள் அந்தக் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே நிறுத்தித் தயாரிக்கின்றன. வரிக் கோடு நமக்குப் பாதுகாப்புக் கோடு ஆகாது. 5 கிராம் என்றால்கூட 250 மி.லி. பெட்டியில் 12 கிராமுக்கு மேல் ஆகிவிடும், அதுவும் வெறும் வயிற்றில்.

ஒரு மணியிலிருந்து மூன்று மணி நேரம் கழித்துக் கை நடுக்கம், குளிர் வியர்வை, கண் இருட்டல் வந்தால் அது வேறு. சர்க்கரை மேலே ஏறி, இன்சுலின் அதிகமாகச் சுரந்து, இரத்தச் சர்க்கரை கீழே விழுகிறது. வீட்டில் சர்க்கரை பார்க்கும் கருவி இருந்தால் அந்த நேரத்திலேயே குத்திப் பார்த்து எண்ணை நோட்டில் எழுதுங்கள். லிட்டருக்கு 4.0 மில்லிமோலுக்குக் கீழே என்றால் கொஞ்சம் குளுக்கோஸ், அது ஏறியதும் ஒரு முட்டை அல்லது கொஞ்சம் பால். வெறும் இனிப்போடு நிறுத்தினால் மறுபடி விழும். திரும்பத் திரும்ப வந்தால் அந்தப் பக்கங்களோடு மருத்துவரிடம் போங்கள். நீரிழிவுக்கு இன்சுலினோ கிளிக்லசைடோ எடுப்பவர்கள் ஒரு தடவை வந்தாலே போக வேண்டும். அறுவைக்கு முன்னால் எழுதிக் கொடுத்த அளவு இப்போது உங்களுக்கு அதிகமாக இருக்கலாம்.

களைப்பு, கால் வீக்கம், சதை கரைவது: புரதம் எட்டவில்லை

இங்கேதான் நம் சாப்பாட்டு முறை நமக்கு எதிராக நிற்கிறது. பசியாற இட்லி, மத்தியானம் சோறு, ராத்திரி தோசை. மாவுதான் தட்டின் நடுவில், புரதம் ஓரத்தில். சுகாதார அமைச்சு சொல்லும் 'சுக்கு சுக்கு செபாரோ' தட்டு, அதாவது கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ கறியோ, பாதி காய்கறியும் பழமும், எல்லாருக்கும் நல்லதுதான். நம் வயிற்றுக்கு அந்தத் தட்டின் வரிசை மாற வேண்டும். புரதம் முதலில், காய் அடுத்தது, இடம் மிச்சமிருந்தால் சோறு.

கணக்கு இப்படி வரும். முட்டை ஒன்று 6 கிராம். இட்லி ஒன்று ஏறக்குறைய 2 கிராம்தான். மூன்று சாப்பிட்டு வயிறு நிறைந்தால் ஒரு முட்டையளவு புரதம், அவ்வளவுதான். சமைத்த கெம்போங் மீன் 100 கிராமில் 20-க்குக் கொஞ்சம் மேல். தெம்பே (புளிக்கவைத்த சோயாக் கட்டி) 100 கிராமில் 19 அல்லது 20. வெந்த பருப்பு 100 கிராமில் 7 முதல் 9, ஆனால் சாம்பாரில் பருப்பைவிடத் தண்ணீர் அதிகம். பால் 250 மி.லி.யில் 8.

ஒரு நாளை இப்படி அடுக்கலாம். பசியாற ஒரு முட்டையும் அரைத் தோசையும்: 8 கிராம். பத்து மணிக்கு 200 மி.லி. பாலில் இரண்டு மேசைக்கரண்டி கொழுப்பு நீக்கிய பால்மாவு கலந்து: 12. மத்தியானம் 60 கிராம் மீனும் மூன்று கரண்டி கெட்டிப் பருப்பும்: 16. சாயங்காலம் 50 கிராம் தெம்பே, எண்ணெயில் முக்காமல் தவாவில் புரட்டி: 9. ராத்திரி 50 கிராம் பிய்த்த கோழி: 14. படுக்கப் போவதற்கு முன் ஒரு கப் பால்: 7. மொத்தம் 66 ஆயிற்று, புரத மாவு எதுவும் இல்லாமலேயே. முதல் சில மாதம் இவ்வளவு இறங்காது. அப்போது மாவு தேவைப்படலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. டப்பாவின் விலையை அதன் எடையால் வகுக்காதீர்கள். எத்தனை கிராம் புரதம் கிடைக்கிறதோ அதனால் வகுத்துப் பாருங்கள், எது மலிவு என்று அப்போது தெரியும்.

வெளியே சாப்பிடுவதும் முடியும். நாசி கண்டார் கடையில் "அண்ணே, சோறு வேண்டாம். மீன் ஒரு துண்டு, அவித்த முட்டை ஒன்று, வெண்டைக்காய் கொஞ்சம், குழம்பு ஓரத்துல ஒரு கரண்டி போதும்" என்று சொல்லுங்கள். ஒரு தடவை வினோதமாகப் பார்ப்பார்கள், அடுத்த தடவை நீங்கள் வரும்போதே தட்டு தயாராக இருக்கும். பசெம்பூர் வாங்கினால் தாவு (டோஃபு), முட்டை, வெள்ளரிக்காய் எடுத்துக்கொண்டு, மாவு வடைகளையும் இனிப்பான சாற்றையும் விட்டுவிடுங்கள். தாவு ஃபா சாப்பிட ஆசைப்பட்டால் பாகு ஊற்றாமல் கேளுங்கள்.

புரட்டாசி வந்தால் முட்டையும் மீனும் போய்விடும். அந்த மாதத்துக்குத் தனியாகத் திட்டம் போட்டுத்தான் ஆக வேண்டும். தெம்பே, தாவு, பனீர், தயிர், சர்க்கரை சேர்க்காத சோயாப் பால், கெட்டிப் பருப்பு எல்லாமே சேர்ந்தால்தான் 60-ஐ எட்டும். 'சைவ மட்டன்' பாக்கெட்டை நம்புவதற்கு முன் லேபிளில் புரதம் எவ்வளவு, உப்பு எவ்வளவு என்று பாருங்கள். சிலவற்றில் மாவுதான் முக்கால்வாசி. அறுவை முடிந்து ஆறு மாதம்கூட ஆகவில்லையென்றால், அந்த வருடம் முட்டையையாவது சேர்த்துக்கொள்ளலாமா என்று வீட்டில் பேசிப் பாருங்கள். உடம்பு தேறுவதற்காகச் செய்யும் விலக்கை முருகனோ பெருமாளோ குற்றமாக எடுத்துக்கொள்வார்கள் என்று நான் நம்பவில்லை.

நோட்டில் 70 கிராம் இருக்கிறது, உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை

அப்படியானால் எடை போட்ட விதத்தைப் பாருங்கள். பச்சைக் கோழி நெஞ்சுக்கறி 100 கிராமில் 22 கிராம் புரதம். வெந்த பிறகு தண்ணீர் வற்றுவதால் அதே 100 கிராமில் 30. பச்சையாக எடை போட்டுவிட்டுச் செயலியில் 'சமைத்தது' என்பதைத் தேர்ந்தால் சாப்பிடாத புரதம் கணக்கில் ஏறிவிடும். பருப்பில் வித்தியாசம் இன்னும் பெரிது: உலர்ந்த பருப்பு 100 கிராமில் 24 கிராம், வெந்ததில் அதில் மூன்றில் ஒரு பங்குதான். உலர்ந்த பருப்பின் எண்ணை வெந்த பருப்புக்குப் போட்டு 'போதுமான புரதம்' என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் நம்மில் நிறையப் பேர்.

இரண்டாவது, செயலியில் 'நாசி கண்டார், ஒரு தட்டு' என்று யாரோ ஏற்றி வைத்த பதிவு. எந்தத் தட்டு, எத்தனை துண்டு என்று அதற்கு எப்படித் தெரியும்? மீனைத் தனியாக, முட்டையைத் தனியாக எழுதுங்கள். உள்ளூர் உணவுகளுக்குச் சுகாதார அமைச்சின் உணவுச் சத்துத் தரவுத்தளம் இணையத்தில் இருக்கிறது, மைஎஃப்சிடி என்று தேடினால் கிடைக்கும். மூன்றாவது, தட்டில் வைத்ததை எழுதிவிட்டு மிச்சம் வைத்ததைக் கழிக்காமல் விடுவது. சாப்பிட்டு முடித்த பிறகு எழுதுவதுதான் இதற்கு வழி.

முடி கொட்டுகிறது

மூன்றாம் நான்காம் மாதத்தில் தொடங்கும். சீப்பைப் பார்த்தாலே அழுகை வரும், எனக்குத் தெரியும். உடம்பு வேகமாக இளைத்த அதிர்ச்சியில் முடி ஒரே நேரத்தில் ஓய்வு நிலைக்குப் போவதால் இது நடக்கிறது, வேர் சாகவில்லை. பெரும்பாலானவர்களுக்கு ஒரு வருடத்துக்குள் திரும்ப வளர்ந்துவிடும். எண்ணெய் மாற்றுவதில் பயன் இல்லை. புரதத்தைப் பாருங்கள், இரும்புச் சத்தையும் துத்தநாகத்தையும் சோதியுங்கள். பயோட்டின் மாத்திரையை அதிக அளவில் விழுங்கினால் தைராய்டு, இதயச் சோதனைகளின் முடிவுகள் தவறாக வரலாம். எடுப்பவர்கள் இரத்தம் கொடுக்கும் முன் சொல்லிவிட வேண்டும். ஒரு வருடம் தாண்டியும் கொட்டினால் வேறு காரணம் தேட வேண்டும்.

மூச்சு வாங்குகிறது, கால் மரத்துப்போகிறது

மூச்சு வாங்குவது இரும்புக் குறைவினால் இருக்கலாம். நோட்டில் மாத்திரை எடுத்த நேரங்களைப் பாருங்கள். இரும்பும் கால்சியமும் ஒரே வேளையில் இருந்தால் இரும்பு சரியாக ஏறாது. குறைந்தது 2 மணி நேரம் தள்ளுங்கள். தேநீரும் இரும்பைத் தடுக்கும், ஆகவே காலை மாத்திரையைத் தே ஓவோடு விழுங்குவது வீண். கால்சியம் ஒரே வேளையில் 500, 600 மி.கிராமுக்கு மேல் ஏறாது, பிரித்து எடுக்க வேண்டும். அமிலம் குறைந்த வயிற்றுக்கு கால்சியம் சிட்ரேட் ஏற்றது.

பொதுவாகச் சொல்லப்படும் தினசரி அளவுகள் இவை: கால்சியம் 1200 முதல் 1500 மி.கி., வைட்டமின் டி 3000 ஐ.யு., வாய்வழி பி12 350 முதல் 1000 மைக்ரோகிராம். இரும்பு, மாதவிடாய் உள்ள பெண்களுக்கும் பைபாஸ் செய்தவர்களுக்கும் 45 முதல் 60 மி.கி. உங்கள் மருத்துவர் வேறு அளவு எழுதினால் அதுதான் உங்களுக்கு. ஜெல்லி மிட்டாய் போன்ற வைட்டமின்கள் ருசியாக இருக்கும், ஆனால் பெரும்பாலும் அவற்றில் இரும்பு இருக்காது.

மரத்துப்போவது பி12 குறைவின் அடையாளமாக இருக்கலாம். நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கு அந்த ஆபத்து இன்னும் அதிகம். அந்த மாத்திரையும் பி12-ஐக் குறைக்கும். நீரிழிவினால் வந்த மரப்பு என்று எல்லாவற்றையும் தள்ளிவிடாமல் இரத்தச் சோதனை கேளுங்கள். முதல் வருடம் 3, 6, 12-ஆம் மாதங்களில், அப்புறம் ஆண்டுக்கு ஒரு முறை, வாழ்நாள் முழுக்க. நன்றாக இருக்கிறேன் என்று நிறுத்துகிறவர்களுக்குத்தான் மூன்றாம் நான்காம் வருடத்தில் இது வருகிறது.

தலைவலி, எழுந்தால் கிறுகிறுப்பு, சிறுநீர் கடும் மஞ்சள்

தண்ணீர் வரியைப் பாருங்கள். ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டராவது வேண்டும், ஆனால் மடக் மடக்கென்று குடிக்க முடியாது. புட்டியைக் கையோடு வைத்து வாய் வாயாகக் குடியுங்கள். சாப்பாட்டோடு வேண்டாம், சாப்பிட்டு அரை மணி கழித்து. தைப்பூசத்தன்று பினாங்கு தண்ணீர்மலைக் கோயிலில் 500-க்கு மேற்பட்ட படிகள் ஏறுவதாக இருந்தால் முந்தின நாளிலிருந்தே இதைக் கவனியுங்கள். தண்ணீர்ப் பந்தலில் ரோஸ் சிராப்பை விட்டு வெறும் தண்ணீரைக் கேளுங்கள். இரத்த அழுத்த மாத்திரை எடுப்பவருக்குக் கிறுகிறுப்பு நீடித்தால் மாத்திரை அளவைக் குறைக்க வேண்டியிருக்கலாம். நீங்களாகக் குறைக்க வேண்டாம், அழுத்தத்தை அளந்து எழுதிக் கொண்டுபோங்கள்.

மலச்சிக்கலுக்கும் முதல் காரணம் இதே தண்ணீர்தான், அடுத்தது இரும்பு மாத்திரை.

எடை நின்றுவிட்டது, அல்லது ஏறுகிறது

சில வாரம் நிற்பது இயல்பு. தினமும் தராசில் ஏறாதீர்கள், வாரம் ஒரு நாள் போதும். இரண்டு மாதம் நின்றால் நோட்டில் சாப்பாட்டுக்கு இடைப்பட்ட நேரங்களைப் பாருங்கள். முறுக்கு, கெரோப்போக், ஓமப்பொடி எல்லாம் மென்றதும் கூழாகிச் சுலபமாக வழுக்கிப் போய்விடும். மீன் 60 கிராமில் நிறுத்தும் வயிறு முறுக்கை நிறுத்தாது. தீபாவளித் திறந்த இல்லத்தில் ஆறு வீடு போனால் ஆறு தட்டு. வீட்டுக்காரர் மனம் நோகாமலிருக்க ஒரு துண்டு கோழி வாங்கிக்கொள்ளுங்கள், முறுக்கைப் பொட்டலமாகக் கேளுங்கள். மதுவும் இந்த வயிற்றில் வேகமாக ஏறும், இறங்க நேரமெடுக்கும். முன்பு தாங்கிய அளவு இப்போது தாங்காது. குடித்துவிட்டு வண்டி எடுக்கவே வேண்டாம்.

வலி, மருந்துக் கடை

கொழுப்பான சாப்பாட்டுக்குப் பிறகு வலது விலாவின் கீழ் வலித்து முதுகுக்குப் பரவினால் பித்தப்பைக் கல்லாக இருக்கலாம். வேகமாக இளைப்பவர்களுக்கு வரும். ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்கள்.

மூட்டு வலிக்கோ பல் வலிக்கோ மருந்துக் கடைக்குப் போனால் முதல் வார்த்தையே அறுவையைப் பற்றி இருக்கட்டும். ஐபுபுரோஃபென், டைக்ளோஃபினாக் போன்றவை, முக்கியமாக பைபாஸ் செய்தவர்களுக்கு, இணைப்பில் புண் உண்டாக்கும். பாராசிட்டமால் கேளுங்கள். இதயத்துக்காக மருத்துவர் ஆஸ்பிரின் எழுதியிருந்தால் நீங்களாக நிறுத்தாமல் அவரிடம் பேசுங்கள். என் தம்பி தன் பர்சில் ஒரு அட்டை வைத்திருக்கிறான்: செய்த அறுவையின் பெயர், தேதி, எடுக்கும் வைட்டமின்கள், எடுக்கக் கூடாத வலி மருந்துகள். தெரியாத கிளினிக்கில் அதை நீட்டினால் போதும், மீதியை அவர்கள் கேட்டுக்கொள்வார்கள்.